எட்ட நிற்கும் அன்பு

சென்ற வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் துணைவியாரும் ஒஸ்லோவின் ஆக்கர் பிறிக்கத் துறையில் படகேறி நெசோடன் சென்றோம். கரையோரப் பாதை வழியே மூன்று மணித்தியாலம் நடந்து, பின்னேரப் படகில் திரும்புவது திட்டம். கையில் இடியப்பப் பொதியும் ஒரு குடுவை தேநீரும் இருந்தன. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உப்புக் காற்று மூக்கில் பட்டாலே உடம்பில் பாதிக் களைப்பு போய்விடும்.

ஒரு பாறைத் திருப்பத்தில், முன்னால் நடந்த துணைவியார் கையை நீட்டி எம்மை மறித்தார்.

"இஞ்சாருங்கோ, அசையாதேங்கோ. பாம்பு."

நாலைந்து அடிக்கு அப்பால், வெயில் காய்ந்த பாறைமேல் ஒரு விரியன் சுருண்டு கிடந்தது. முதுகில் கோணல் கோணலாகக் கறுப்புக் கோடு. நோர்வேஜியர் ஹொக்கோர்ம் என்று அழைக்கும் இது ஒன்றே இந்நாட்டிலுள்ள நஞ்சுப் பாம்பு. அதுவும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. நாம் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் காலெடுத்து வைத்தோம். பத்தடி தள்ளி நின்று காத்திருந்தோம். சிறிது நேரத்தில் அது சோம்பலாக அசைந்து புதருக்குள் இறங்கிப் போய்விட்டது. அது தன் வழியே போக, நாம் எம் வழியே போனோம்.

திரும்பும் படகில் துணைவியார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பாம்புக்குக் குடுத்த மரியாதையை நாங்கள் பிரேயாவுக்குக் குடுக்கேல்லை."

அந்த ஒரு வசனமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

பிரேயாவை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2022 யூலை நடுப்பகுதியில் ஒஸ்லோ பியோர்ட்டுக்கு வந்து சேர்ந்த பெண் வால்ரஸ் அவள். வடநாட்டவரின் பழைய சமயத்தில் அன்புக்கும் அழகுக்கும் உரிய தெய்வத்தின் பெயரையே அவளுக்கு வைத்திருந்தார்கள். அதற்கு முன் பிரித்தானியா, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன் ஆகிய நாட்டுக் கரைகளிலும் அவளைக் கண்டிருக்கிறார்கள். வால்ரஸ் என்பது யானையைப் போல இரு தந்தங்கள் உடைய வடதுருவக் கடல் விலங்கு. எமது மன்னார்க் கடலில் வாழும் கடற்பசுவுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடற்பசு கடற்புல் மேய்வது. வால்ரஸ் கடலடியில் மட்டி தேடித் தின்பது. தின்ற பின் ஓய்வெடுக்கப் பனிக்கட்டியிலோ கரையிலோ ஏறிப் படுக்க வேண்டும். ஸ்வால்பார்ட் தீவுகளில் இவ்வினத்தைத் தந்தத்துக்காகவும் கொழுப்புக்காகவும் ஏறத்தாழ அழியும்வரை வேட்டையாடினார்கள். 1952இல்தான் அங்கு அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது.

கோடைகாலத்து ஒஸ்லோ பியோர்ட்டில் பனிக்கட்டி ஏது? ஆகவே அவள் படகுகளில் ஏறிப் படுத்தாள். ஏறத்தாழ 600 கிலோ எடை. சில படகுகள் சரிந்தன, சில அமிழ்ந்தன. பத்திரிகைகள் அதைச் சிரிப்பும் வியப்புமாக எழுதின.

அந்த யூலை விடுமுறையில் ஒரு மாலை நாம் இருவரும் பிக்டோய் கரையோரமாக நடந்துகொண்டிருந்தோம். அரச பண்ணையின் மாடுகளைப் பார்த்து ஊர் நினைவு வந்து கதைத்தபடி வந்தோம். படகுத்துறைப் பக்கம் ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டதும் எமக்கும் விளங்கிவிட்டது. ஒரு சிறு படகின்மேல் அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். முப்பது நாற்பது பேர் நின்றார்கள். விலகி நிற்குமாறு அதிகாரிகள் கேட்டிருந்தது எமக்குத் தெரியும். செய்தியில் வாசித்திருந்தோம். முதலில் நன்றாக எட்டத்தான் நின்றோம். ஆனால் முன்னால் நின்றவரின் தலை மறைத்தது. அவர் இரண்டடி முன்னே போக, நாமும் போனோம். நாம் போக, எமக்குப் பின்னால் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவரும் வந்தார். ஒருவரும் ஒருவரையும் தள்ளவில்லை. ஒருவர் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் புன்னகைத்தபடியே நின்றோம். அவள் இருமுறை தலையைத் தூக்கி எம் பக்கம் பார்த்தாள். அப்படிப் பார்த்த கணத்தில் எடுத்த படம்தான் நன்றாக வந்தது. அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பினோம். எல்லோரும் மகிழ்ந்து பதில் போட்டார்கள்.

அவள் தலையைத் தூக்கியது எம்மைக் கண்ட மகிழ்ச்சியினால் அல்ல, உறக்கம் கலைந்ததனால் என்று அன்று எமக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோடையில் கூட்டம் குறையவில்லை. சிலர் அவளோடு நீந்தினார்கள். சிலர் பிள்ளைகளை அருகில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு பெண்ணை அவள் நீருக்குள் துரத்திய பின் பொலிஸார் ஒரு குளிக்கும் இடத்தை மூட நேர்ந்தது. நோர்வே மீன்பிடித் திணைக்களம் மீண்டும் மீண்டும் எச்சரித்தது. மக்கள் விலகாவிட்டால் விலங்கைக் கொல்ல வேண்டி வரலாம் என்றும் சொன்னது. 2022 ஓகஸ்ட் 14ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அவளைக் கொன்றார்கள்.

செய்தி வந்த அன்று, அப்போது எட்டு வயதான எமது மகள் கேட்டாள்: "அம்மா, நீங்களும் அப்பாவும் பார்க்கப் போனீங்கள்தானே?"

குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல, தெரிந்துகொள்ளும் குரலில்தான் கேட்டாள். அதனாலேயே பதில் சொல்லக் கடினமாக இருந்தது.

முதலில் அதிகாரிகளின் பக்கத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மனித உயிருக்கு ஆபத்து வந்துவிட்டது என்பதும், மனித உயிரே முதன்மையானது என்பதும் அவர்களின் வாதம். வேறிடம் கொண்டுபோவதையும் ஆராய்ந்ததாகச் சொன்னார்கள். நீரில் வாழும் இத்தனை பெரிய விலங்குக்கு மயக்க மருந்து ஏற்றினால் அது மூழ்கி இறக்கக்கூடும். நீண்ட பயணமும் அதற்கு வதையே. பிரதமர் ஸ்டோரே அவர்களும் அம்முடிவை ஆதரித்தார். மறுபக்கத்தில், விலங்கியல் அறிந்தவர்கள் உட்படப் பலர் இது அவசர முடிவு என்றார்கள். கரையை மூடியிருக்கலாம், மீறியவர்களுக்குத் தண்டம் விதித்திருக்கலாம், கோடை முடிந்து கூட்டம் கலையும்வரை பொறுத்திருக்கலாம் என்றார்கள். 2010 முதல் நடைமுறையிலுள்ள நோர்வேயின் விலங்கு நலச் சட்டம், மனிதருக்குப் பயன்படுகிறதா இல்லையா என்பதற்கு அப்பால் விலங்குக்குத் தன்னளவிலேயே மதிப்பு உண்டு என்று கூறுகிறது. அச்சட்டம் உள்ள நாட்டில் இப்படியா என்று கேட்டவர்களும் உண்டு.

இவ்விரு பக்கத்தில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது எம் நோக்கம் அல்ல. நாம் கேட்க விரும்புவது அதற்கு முந்திய கேள்வி. அந்த நிலைமையை உண்டாக்கியவர் யார்? சுட்டவர்களா, சுட வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தவர்களா?

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையை எமது ஆலயப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படிக்கிறார்கள். இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று அகப்பட்டு இறந்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. அமைச்சர்களும் அதையே சொன்னார்கள். ஆயினும் தாய்ப்பசு மணியை அசைத்தபோது, அந்த வலிக்குப் பொறுப்பாளி யார் என்பதில் அரசனுக்குச் சந்தேகம் வரவில்லை. தண்டனையின் கடுமையை நாம் இன்று பின்பற்ற முடியாது. ஆனால் கதை காட்டும் திசையைக் கவனியுங்கள். அங்கே மனிதனின் கவனக்குறைவுக்கு மனிதனே பதில் சொன்னான். ஒஸ்லோவில் மனிதரின் கவனக்குறைவுக்கு விலங்கு பதில் சொன்னது. அசைப்பதற்கு அவளுக்கு ஒரு மணியும் இருக்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "நாங்கள் ஒரு தரம்தான் போனோம், ஐந்து நிமிடம்தான் நின்றோம். ஆயிரக்கணக்கானோர் போன இடத்தில் எங்கள் பங்கு எவ்வளவு?" மகளின் கேள்விக்கு நாம் மனதுக்குள் சொன்ன முதல் பதிலும் இதுதான். கணக்காளருக்குப் பங்கு பிரிப்பது தொழில். பெருந்தொகையை நிறையப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சில சதமே வரும், சதத்தை விட்டுவிடலாம் என்று மனம் சொல்லும்.

ஆனால் அதே தொழில் வேறொன்றையும் கற்றுத் தந்திருக்கிறது. சில கடன்கள் பிரிக்கக்கூடியவை அல்ல. பலர் சேர்ந்து கையொப்பமிட்ட கடனில், கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அவ்வரி இருந்தால் கடன் கொடுத்தவர் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். "எனது பங்கு இவ்வளவே" என்று சொல்ல இடமில்லை. எட்ட நிற்பதும் அத்தகைய கடமையே. முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் விலகி, ஒருவர் மட்டும் முன்னே போனாலும் விலங்கின் உறக்கம் கலையும். பாதி விலகுதல் என்று ஒன்று இல்லை. ஆகவே கொன்றவர் என்ற பெயர் எமக்கு இல்லாவிட்டாலும், செய்யத் தவறிய கடமை எமக்கு முழுமையானதே. ஆயிரம் பேர் தவறினார்கள் என்பதால் எமது தவறு ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடாது.

இது புதிய சிந்தனையும் அல்ல. திருக்குறளில் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல், 33ஆம் அதிகாரம் கொல்லாமை. கொல்லாமைக்கென்று தனி அதிகாரம் வைத்த வள்ளுவர், புலாலுக்கு ஏன் இன்னொன்று வைத்தார்? வாங்குபவர் கத்தியைத் தொடுவதில்லை. ஆனால் அவருடைய விருப்பமே கத்தியை இன்னொருவர் கையில் வைக்கிறது. அதைக் காட்டுவது அந்த அதிகாரத்தின் வாதங்களுள் ஒன்று. வெள்ளிக்கிழமை மட்டும் சைவம் காக்கும் எம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அது இன்னும் முடியாத கேள்வி. அதை இங்கே மறைக்கவில்லை. ஆனால் பிரேயாவின் கதை அதே கேள்வியை வேறொரு வாசலால் கொண்டுவருகிறது. நாம் அவளைத் தின்ன விரும்பவில்லை, பார்க்கத்தான் விரும்பினோம். அந்த விருப்பமும் இன்னொருவர் கையில் துவக்கைக் கொடுத்தது.

இங்கேதான் துணைவியார் சொன்ன வசனம் எம்மை நிறுத்துகிறது. விரியனிடம் எமக்கு அன்பு இல்லை, பயமே இருந்தது. பயம் அதற்கு இடம் கொடுத்தது. அது பிழைத்தது. பிரேயாவிடம் எமக்குப் பயம் இல்லை, அன்பு இருந்தது. அந்த அன்பு அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. அப்படியானால் அன்பைவிடப் பயம் நல்லதா?

இல்லை என்றே நினைக்கிறோம். நாம் அன்பு என்று நினைத்தது அன்பு அல்ல என்பதே சரியான விடை. எமது பழங்கதைகளில் உயிர்களிடம் அன்பு காட்டியவர்களை எண்ணிப் பாருங்கள். பாரி தன் தேரைக் கொடுத்தான். பேகன் தன் போர்வையைக் கொடுத்தான். சிபி தன் தசையையே கொடுத்தான். ஒவ்வொருவரும் தம்முடைய ஒன்றை இழந்தார்கள். நாம் பிரேயாவுக்கு எதைக் கொடுத்தோம்? ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.

கூட்டம் என்றாலே கெடுதல் என்றும் சொல்ல வரவில்லை. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. கொரோனா ஊரடங்குக் காலம். அவ்வேளையிலும் கடற்படையினரும் அவ்வூர் மக்களும் இரவிரவாக நீரில் நின்று, அவற்றில் பெரும்பாலானவற்றைத் தள்ளிக் கடலுக்குள் விட்டார்கள். அங்கும் கூட்டம்தான். ஆனால் அந்தக் கூட்டம் தன் உறக்கத்தைக் கொடுத்தது. ஒஸ்லோக் கூட்டம் விலங்கின் உறக்கத்தை எடுத்தது.

எம் வாழ்வில் கண்ட ஒன்றையும் சொல்லலாம் என்று நினைக்கிறோம். இந்நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தை வடக்கே ஓர் அகதி முகாமில் கழித்தோம். அவ்வூரவர் நல்லவர்கள். சிலர் எம்மைப் பார்க்கவென்றே வருவார்கள். சிரிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், படம் எடுப்பார்கள். மனம் நோகச் செய்யவில்லை. ஆனால் அவர்கள் போனபின் களைப்பாக இருக்கும். ஒருநாள் காலை கதவுக்கு வெளியே ஒரு சோடி பனிச் சப்பாத்து இருந்தது. யாரோ எமது காலின் அளவைக் கவனித்திருக்கிறார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. எம்மைக் கிட்ட வந்து பார்த்தவர்களின் முகங்கள் மறந்துவிட்டன. எட்ட நின்று கவனித்த அந்த ஒருவரை, முகம் தெரியாமலே இன்றும் நினைக்கிறோம். மனிதரையும் விலங்கையும் ஒப்பிடுவது எமது எண்ணம் அல்ல. பார்க்கப்படுவது வேறு, கவனிக்கப்படுவது வேறு என்பதை அங்கே கற்றோம் என்பதற்காகவே சொல்கிறோம்.

உண்மையில் எட்ட நின்று அன்பு செய்வது எமக்குப் பழக்கமில்லாத ஒன்றல்ல. ஆலயத்தில் மூலவருக்கு முன் எங்கே நிற்கிறோம்? குருக்களைத் தவிர எவரும் கர்ப்பக்கிருகத்துள் போவதில்லை. திரை விலகும்வரை காத்திருக்கிறோம். தூரத்தில் நின்று கை கூப்புவதால் எவருடைய பக்தியும் குறைந்ததாக நாம் நினைப்பதில்லை.

"கண்ணப்ப நாயனார் எல்லையை மீறவில்லையா?" என்று எமது நண்பர் ஒருவர் இதைக் கேட்டுக் கேட்டார். நல்ல கேள்வி. காளத்தியில் கண்ணப்பர் எல்லா ஆசாரத்தையும் மீறினார். திருமேனியில் காலையே ஊன்றினார். ஆனால் எதற்காக? தன் மற்றக் கண்ணையும் பெயர்த்து அப்புவதற்கு இடம் அடையாளம் வேண்டி. எல்லை மீறியதன் விலையைத் தானே கொடுக்க முன்வந்தார். நாம் எல்லையை மீறினோம், விலையை வேறோர் உயிர் கொடுத்தது. அவரை எமக்குச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

பிரேயாவோடு இது முடியவுமில்லை. 2019இல் வட நோர்வேக் கடலில், உடம்பில் பட்டி கட்டிய நிலையில் காணப்பட்ட வெண்திமிங்கிலம் ஹ்வால்டிமீர் 2023 மே மாதத்தில் ஒஸ்லோ பியோர்ட்டுக்குள் வந்தது. கிட்டப் போக வேண்டாம் என்று திணைக்களம் மீண்டும் கேட்டது. 2024 ஓகஸ்டில் அது ஸ்தவாங்கர் அருகே இறந்து மிதந்தது. வாயில் தடியொன்று சிக்கியிருந்ததாகப் பின்னர் பரிசோதனையில் தெரிந்தது. நாளை வேறொன்று வழி தவறி வரும். அப்போது நாம் எங்கே நிற்போம் என்பதே கேள்வி.

1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம் இந்நாட்டில் எவரும் காட்டிலும் கரையிலும் நடக்க உரிமை தந்திருக்கிறது. சொந்தக் காணி இல்லாத எமக்கும் அது கிடைத்திருக்கிறது. அதே சட்டம் கவனத்தோடும் பிறருக்குத் தொல்லை இன்றியும் நடக்கச் சொல்கிறது. ஆகவே கோடையில் கரைக்குப் போகும் குடும்பங்களிடம் சில வேண்டுகோள்கள். ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாயைக் கயிற்றில் வைத்திருங்கள். பியோர்ட்டின் கடற்பறவைக் காப்புத் தீவுகளில் ஏப்ரல் 15 முதல் யூலை 15 வரை இறங்காதீர்கள். அங்கே அவை அடைகாக்கின்றன. ஒரு விலங்கு உங்களைத் தலை தூக்கிப் பார்த்தால், படத்துக்கு நல்ல நேரம் என்று எண்ணாமல் போதிய அளவு கிட்ட வந்துவிட்டோம் என்று எண்ணிப் பின்வாங்குங்கள். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுங்கள்.

2023 ஏப்ரலில் ஒஸ்லோக் கரையில் பொதுமக்கள் பணம் சேர்த்து பிரேயாவுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். அதற்குக் கிட்டப் போகலாம், தொடலாம், பிள்ளையை அருகில் நிறுத்திப் படமும் எடுக்கலாம். சென்ற மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். அன்று கேட்ட கேள்விக்கு அங்கே நின்றுதான் பதில் சொன்னோம்: "ஓம் பிள்ளை, போனோம். கிட்டவும் போனோம். போயிருக்கக் கூடாது." அவள் தலையை ஆட்டினாள். வேறொன்றும் கேட்கவில்லை.

படம் எடுக்காமல் வீட்டுக்கு வந்தோம்.

இதில் மாற்றுக் கருத்துள்ள அன்பர்கள் அடுத்த இதழுக்கு எழுதலாம். நோர்வேஜிய மொழிப் பக்கங்களை வாசிக்கும் பிள்ளைகள் எழுதினால் இன்னும் மகிழ்வோம்.